சொன்ன விலை

— கடை தொறக்க இன்னும் நேரம் கெடக்குது நைனா. மூடின ஷட்டர் முன்னாடி இப்டி வெறப்பா நின்னா போறவன் வர்றவன்லாம் பாக்குறான். வா, அந்த டீக்கடையில குந்தலாம்.

— நான் எதுக்குக் குந்தணும்? வாக்கு குடுத்தவன் நின்னுதான் ஆவணும். நீ எதுக்கு மோகனா, பழவேற்காட்டு மாப்ள வூட்லேர்ந்து பஸ் ஏறி பொன்னேரி வரைக்கும் ஓடியாந்த? தாலிக்கயித்துல மஞ்சகூட இன்னும் காயல.

— நீ இங்க கெளம்பிட்டேனு அம்மா போன் பண்ணுச்சு. அதான்.

— அவளுக்கு வாயில ஒண்ணும் நிக்காது. சரி, வந்ததும் நல்லதுதான். ஒங் கண்ணாலயே பாத்துக்கோ. புதுசா வரப்போவுதுனு எல்லாரும் சொல்லிக்கினு இருந்தானுங்களே கம்ப்யூட்டருக்குள்ள போடுற அந்த சின்ன கார்டு, அது இன்னிக்கித்தான் கடைக்கி வருது. தருமலிங்கம் பொண்ணு நிவேதாவுக்கு வாங்கித் தரேன்னு ஊர்க்கூட்டத்துல சொல்லிட்டேன். கம்பெனிக்காரன் சொன்ன விலைக்கி. ஒரு ரூவா மேல கெடையாது.

— அதைப் பேசத்தான் நைனா வந்தேன். அந்த விலைக்கி அது கெடைக்காது.

— ஏன் கெடைக்காது? ஒனக்கு வாங்கித் தரல? சீருக்கு நகை வேணாம், கம்ப்யூட்டர் போதும், அதுல புது கிராபிக்ஸ் கார்டு இருந்தாத்தான் என் வேலை ஓடும்னு நீதான கேட்ட? மேடையில சொல்றது ஒரு விலை, கடையில விக்கிறது ஒரு விலைனு ஊரே சிரிச்சுது. இதே வாசப்படிதான். அம்பத்தஞ்சாயிரம்னு கம்பெனிக்காரன் சொன்னான், அம்பத்தஞ்சாயிரத்துக்கே வாங்கிக்கினு நம்ம ஊருக்குப் படகு ஏறினேன்.

— அது… அன்னிக்கி இருந்த நெலமை வேற நைனா.

— வாய்ச்சொல்லுல இன்னா அன்னிக்கி, இன்னிக்கி? நம்ம கரையில மீனைக் கொட்டி ஏலம் வுடறோம். மூணாந்தரம்னு சொல்லிட்டா அப்பறம் அப்பனே வந்தாலும் விலை மாறுமா? இந்தக் கம்பெனிக்காரன் ஒலகமே பாக்க மேடையேறி நின்னு விலை சொன்னான். நீதான போன்ல காட்டின? அதுக்கு மேல இன்னா மூணாந்தரம் வேணும்?

— அது ஏலம் இல்ல நைனா. சும்மா ஒரு பேச்சு. அங்கேர்ந்து இங்க வர்றதுக்குள்ள வரி, ஏஜெண்டு, சரக்கு தட்டுப்பாடுனு ஏறிக்கினே வரும். முப்பதாயிரம்னு சொன்ன இந்தக் கார்டு கடையில நாப்பத்தஞ்சுக்கு நிக்கும். ஒலகம் பூரா இதான் நடக்குது.

— நாம புடிக்கிற எறாவுக்கு மட்டும் ஏஜெண்டு இல்லியா? ஐஸுக்காரன் இல்லியா? அவன் செலவை அவன் பாத்துக்கணும். நம்மகிட்ட இன்னாத்துக்கு வாயைத் தொறந்து ஒரு விலை சொல்லணும்?

— வேகத்தையும்தான் பழசை வுட ரெண்டு மடங்குனு சொன்னான். அது மட்டும் முழுசா நெஜமா? கார்டு ஒரு படத்தை வரையுது, அடுத்த படத்தை வரையுது, நடுவுல ரெண்டு மூணு படத்தை அதுவா கற்பனை பண்ணி சொருவிக்குது. அதையும் கணக்குல சேத்துத்தான் ரெண்டு மடங்கு.

— கூடைக்கி மேல எறா, அடியில ஐஸு.

— அதேதான்.

— நம்ம ஊர்ல இதைப் பண்ணியிருந்தா ஊர்ப் பெரியவனா நானே தெண்டம் போட்டிருப்பேன். அதுக்குத்தான் சொல்றேன், எவனாவது ஒருத்தன் நிமிந்து நின்னு கேட்டாத்தான் இவனுங்க அடங்குவானுங்க. அன்னிக்கி இந்தக் கடைக்காரப் பையன் பிரவீனைக் கேளு. நான் பேசப் பேச சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு அவனுக்கு.

— ஏசி ரிப்பேர் நைனா அன்னிக்கி.

— இன்னா சொன்ன?

— ஒண்ணும் இல்ல. நிவேதாவுக்கு செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார்டு பதினெட்டாயிரத்துக்குப் படிஞ்சுதாமே. நீதான் வேணாம்னியாம்?

— எவனோ தேய்ச்சுப் போட்டதை அந்தப் புள்ள எதுக்கு வாங்கணும்? மெட்ராஸ்ல கார்ட்டூன் படம் படிக்குது. ஒரு நிமிசப் படம் எடுக்க விடிய விடிய மிசின் ஓடுதுனு கோயிலாண்ட நின்னு அழுதுக்கினு இருந்துச்சு. தருமலிங்கமும் பக்கத்துல நின்னான். எவன் எங்க வலை போடணும்னு பாடு மொறை பிரிச்சப்ப அவனுக்கு நல்ல எடம் குடுக்கலைனு என் மூஞ்சியே பாக்காதவன். கூட்டம் மொத்தமும் இருந்துச்சு. சொன்னேன். புதுசு வரட்டும், சொன்ன விலைக்கே நான் எடுத்துத் தரேன், இது வீரராகவன் வாக்குனு.

— அவர் இன்னா சொன்னாரு?

— இன்னா சொல்லுவான்? சரிண்ணேன்னு தலையாட்டினான். பணத்தை எடுத்துக்கினு அடுத்த பஸ்ல வரான். பாத்துக்கினே இரு, இன்னிக்கி அவன் வாயாலயே ஒத்துக்குவான்.

— நைனா, அவர் வர்றதுக்குள்ள நாம கெளம்பிடலாம். ஒடம்பு சரியில்லைனு நான் சொல்லிக்கிறேன்.

— இன்னாடி இது? மொகம் ஏன் இப்டி வெளுத்துப் போயிருக்குது? மாப்ள ஏதாச்சும் சொன்னாரா?

— அவர் ஒண்ணும் சொல்லல. அவர் சொல்லக் கூடாதுனுதான் என்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்காரு.

— இன்னா சத்தியம்?

— வேணாம் நைனா.

— மோகனா, நடு ரோட்ல நிக்கிறேன். ஒழுங்காச் சொல்லு.

— அன்னிக்கி என் கார்டோட விலை எண்பத்தஞ்சாயிரம். நீ குடுத்தது அம்பத்தஞ்சு. பிரவீன் ஒன்கிட்ட தோத்துப் போவல. மீதி முன்னாடியே அவன் கைக்கி வந்துடுச்சு. பெரியவர் வந்து பேசுவாரு, கொஞ்சம் மொரண்டு புடிக்கிற மாதிரி புடிச்சுட்டு குடுத்துடுனு சொல்லி வெச்சிருந்தாங்க.

— மீதின்னா முப்பதாயிரமா?

— ஆமா நைனா.

— ஒன் சம்பளத்துலேர்ந்து குடுத்தியா? பொண்ணு காசுலயே பொண்ணுக்கு சீர் செய்ய வெச்சிட்டியாடி என்னை?

— என் காசு இல்ல நைனா.

— அப்ப?

— அவரு. தமிழ்வாணன்.

— மாப்ளயா?

— நிச்சயத்துல ரெண்டு ஊரு முன்னாடி நீ வாக்கு குடுத்துட்ட. விலை ஏறிப் போச்சுனு அப்பறம் தெரிஞ்சுது. நீ படகை அடகு வெச்சிடுவேனு அவரு பயந்துட்டாரு.

— கல்யாணப் பந்தியில நான் அந்தக் கதையைச் சொன்னேன். மைக்கைப் புடுங்கிச் சொன்னேன்.

— ஆமா.

— மாப்ள பக்கத்துலதான் ஒக்காந்திருந்தாரு.

— ஆமா நைனா.

— அவங்க அப்பாவுக்குத் தெரியுமா?

— தெரியும்.

— கை தட்னாரே அந்த மனுசன். எழுந்து நின்னு கை தட்னாரே. இன்னொரு தரம் சொல்லுங்க சம்பந்தினு கேட்டாரு, நானும் இன்னொரு தரம் சொன்னேன்.

— அவங்க யாரும் கேலியா நெனைக்கல நைனா.

— நெனைச்சிருந்தாத் தேவலை. பொண்ணு குடுத்த வூட்டுக் காசு எடுத்து சீர் செஞ்சிருக்கேன். கடன்னு கேட்டு வாங்கியிருந்தாக்கூட ஒரு மானம் இருந்திருக்கும். வாங்கினதே தெரியாம வாங்கிட்டு, மார் தட்டிக்கினு திரிஞ்சிருக்கேன்.

— இங்க பாரு, இப்டி நெழல்ல வா. தண்ணி குடி.

— தொடாத. கையை எடு.

— சரி. எடுத்துட்டேன்.

— இந்த சின்ன கார்டு நெஜமாவே நாப்பத்தஞ்சுதானா?

— நாப்பத்தஞ்சுக்குக் கெடைச்சா அதிர்ஷ்டம். மொத நாளு, கடைக்கி ரெண்டோ மூணோதான் வரும். அந்தப் புள்ளைக்கிப் படிஞ்ச பழைய கார்டும் வேற எவனுக்கோ வித்துப் போச்சு.

— என் பேச்சைக் கேட்டுதான வுட்டுது.

— ஆமா.

— மோகனா… பிரவீன் வாக்கு மாறிட்டான்னு தருமலிங்கத்துகிட்ட சொல்லிட்டா இன்னா? கடைக்காரன் பேச்சு மாறுறது புதுசா?

— நைனா! அந்தப் பையன் ஒனக்கு மரியாதை போவக் கூடாதுனு அத்தினி பேரு முன்னாடி தோத்த மாதிரி நின்னான். அவன் பேரைக் கெடுப்பியா?

— இல்ல. இல்லம்மா. வாய் தவறி வந்துடுச்சு. ச்சீ… இன்னா பேச்சு பேசிட்டேன்.

— சரக்கு வரலைனு சொல்லலாம். யாருக்கும் ஒண்ணும் தெரியப் போறதில்ல.

— இதைத்தான் நீங்க எல்லாருமாச் சேந்து என்கிட்டயும் சொன்னீங்க. ஒண்ணும் தெரியப் போறதில்லனு.

— பஸ்ஸு வந்துடுச்சு நைனா. பின் படியில எறங்குறாரு பாரு.

— நீ பேசாத. தள்ளி நில்லு.

— வீரராகவண்ணே! எனக்கு முன்னாடியே வந்துட்டியா? காத்தால படகுலயே ஒன்னைப் பாக்கல. மோகனாவும் வந்திருக்குதா? நல்லாருக்கியாம்மா?

— தருமலிங்கம், பையில இருக்கிறதை வெளிய எடுக்காத. முதல்ல நான் சொல்றதைக் கேளு.

— சொல்லுண்ணே.

— எனக்கு எவனும் சொன்ன விலைக்கி ஒண்ணும் குடுக்கல. அன்னிக்கி நான் ஜெயிச்சது என் பேச்சால இல்ல. மீதியை என் மாப்ள கட்டியிருக்காரு. எனக்கே இப்பத்தான் தெரியும். ஒம் பொண்ணுக்கு நான் குடுத்த வாக்கு பொய்யாப் போச்சு. பழசை வாங்க இருந்த புள்ளையை நான்தான் கெடுத்துட்டேன். ஊர்க்கூட்டத்துலதான் வாக்கு குடுத்தேன், அதே கூட்டத்துல எழுந்து நின்னு இதைச் சொல்றேன். நீயும் இரு. இன்னா கேக்கணுமோ கேளு.

— மெதுவாப் பேசுண்ணே, ஷட்டரைத் தூக்குறான் பாரு.

— கேக்கட்டும். எல்லாரும் கேக்கட்டும்.

— வேணாம்ண்ணே. நமக்குள்ள ஆயிரம் இருக்கும், அது தண்ணிக்கி அந்தப் பக்கம். நம்ம ஊருப் பெரியவன் பொன்னேரிக் கடை வாசல்ல தலை குனிஞ்சு நின்னான்னு ஒரு பேச்சு வரக் கூடாது. ஒனக்கு எப்டி அந்த விலைக்கி கெடைச்சுதுனு ஒம் மாப்ளகிட்ட வழி கேட்டுக்கினு நேத்தே வந்து இந்தக் கார்டோட மீதியை பிரவீன்கிட்ட கட்டிட்டேன். நீ உள்ள போயி, அன்னிக்கி மாதிரியே கொஞ்சம் சத்தமா பேசு.