துடைத்துவிட்ட கறுப்புப் பொடி

எனக்கு வயது நாற்பத்திரண்டு. பேருந்து நிலையத்தின் பின்தெருவில், மாடி வீட்டில், கணவருடனும் நாத்தனாருடனும் குடியிருக்கிறேன். ஹெலிகாப்டர்களின் மின்கம்பிகளைச் சோதித்து, பறக்கலாம் என்று கையெழுத்திடுவது என் வேலை. ஒரு ஹெலிகாப்டரின் கம்பியை வேண்டுமென்றே அறுத்ததாகக் கம்பெனி முதலாளி கொடுத்த புகாரில் மெக்கானிக்கைப் பிடித்து வைத்திருப்பதாக அறிந்து, நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

நேற்றுக் காலை கட்டாயச் சோதனைக்குப் போனேன். எல்லோரும் ‘பாலிஷ்’ என்று கூப்பிடும் அந்த மெக்கானிக் ஹெலிகாப்டரின் அடிப்பலகையைக் கழற்றிக் காட்டினார். கம்பிக் கட்டுகள் புதுப் பாத்திரம் மாதிரி மின்னின.

“நீங்க வர்றீங்கன்னு ஒண்ணு விடாம தொடச்சு வச்சிருக்கேன் மேடம்” என்றார்.

“வீட்டையும் இப்படித்தான் வச்சிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“அங்க என் பொண்டாட்டி என்னைத் தொடவே விடமாட்டா.”

அதன் பிறகு டார்ச்சும் கண்ணாடியும் வைத்துப் பார்த்தேன். கம்பி எங்காவது உரசினால் அங்கே கறுப்புப் பொடி படியும். அதை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். பொடி எங்குமே இல்லாததால் கையெழுத்திட்டேன்.

அதன் பிறகு எங்கள் வழக்கப்படி, வேலை செய்த அவரும் சோதித்த நானும் முதல் பயணத்தில் ஏறினோம். ஆற்றுக்கு மேலே போனபோது விளக்குகள் அணைந்தன, அளவுமானிகளின் முட்கள் எல்லாம் விழுந்தன, காதில் மாட்டியிருந்த கருவி ஊமையானது. இன்ஜின் மட்டும் ஓடியது. ஓட்டிய பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூரத்துப் புகைபோக்கியின் புகை சாயும் பக்கத்தைப் பார்த்துக் காற்றைக் கணித்து, காலியாக இருந்த பள்ளி மைதானத்தில், தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல இறக்கினார்.

“எப்படிம்மா?” என்றேன்.

“இன்ஜின் ஓடுதே அக்கா, அது போதாதா?” என்றார். அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அதன் பிறகு பலகையைத் திறந்தோம். முக்கியக் கம்பி ஓர் இரும்பு விளிம்பில் உரசி உரசி, தேய்ந்து அறுந்திருந்தது. வெட்டியிருந்தால் முனை சீராக இருந்திருக்கும். அந்தச் சிறு பயணத்திலேயே விளிம்பில் புதிதாகப் பொடி படிந்திருந்தது. பாலிஷ் அதை விரலால் தொட்டுப் பார்த்து, “நான் தொடச்சது இதைத்தானா மேடம்?” என்று கேட்டார்.

அவர் எதையும் அறுக்கவில்லை. துடைத்தது தவறுதான். ஆனால் துடைத்திருப்பது தெரிந்தும், தரையிலேயே இன்ஜினை ஓட்டிப் பொடி படிகிறதா என்று பார்க்காமல் அனுமதித்தது நான். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னை விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியவர் வாசித்துக் காட்டினார். நான் சொன்னதில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)