ஒரு சொட்டுக் கறுப்பு

விழாத் தலைவர் அவர்களே! வெளிச்சம் உங்கள் கண்ணுக்குக் கூசும் என்று தெரிந்தும் மேடை விளக்குக்கு நேரெதிரே உங்களை உட்கார வைத்துவிட்டார்கள். நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

ஒளியை உளியாக்கி உருவங்களைச் செதுக்கும் ஒளிப்படக் கலைஞர்களே! அழுகிற பிள்ளையையும் அரை நொடி சிரிக்க வைத்து அந்தச் சிரிப்பைச் சிறைபிடிக்கும் வித்தகர்களே! சங்கத்தின் மூத்தவர்களே! மடியில் மழலைகளோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் பின்னால் நின்றபடி, இந்த அம்மா எப்போது முடிப்பார் என்று கடிகாரத்தைப் பார்க்கிற பெரியோர்களே! உங்கள் எல்லோருக்கும் என் அன்பு வணக்கம்.

கண் டாக்டருக்கும் போட்டோ எடுப்பவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று மூன்றாவது வரிசையில் ஒரு தம்பி பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுச் சிரிக்கிறார். இங்கிருந்தே தெரிகிறது தம்பி, நான் கண் டாக்டர். சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்லி முடிக்கும்போது நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

நான் கைக்குழந்தைகளுக்குக் கண் பார்க்கிறவள். பிறக்கும்போதே கண்ணில் புரையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு அறுவை செய்கிறவள். பிறக்கும்போதேவா என்று ஓர் அம்மா வாயில் கை வைக்கிறார். ஆமாம் அம்மா, புரை என்பது முதுமைக்கு மட்டும் உரியதல்ல. உலகத்தை ஒருமுறைகூடப் பார்க்காத கண்ணிலும் அது உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் காலை என் அறைக்குள் ஒரு குடும்பம் வந்தது. மருமகளின் தோளில் பிறந்து சில வாரமே ஆன ஆண் குழந்தை. அவள் கையைப் பிடித்தபடி மூத்த பெண் குழந்தை. அந்தக் குழந்தையின் கண்கள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தன. பின்னால் கணவர். எல்லோருக்கும் முன்னால் மாமனார். அவர் ஊரறிந்த போட்டோ ஸ்டுடியோக்காரர். உங்கள் இனம்தான்.

மூத்தவளுக்குப் பிறவிப் புரை. ஒரு வயது தாண்டிய பிறகுதான் வேறொரு மருத்துவமனையில் அதை எடுத்திருக்கிறார்கள். புரை போனது, பார்வை முழுதாக வரவில்லை. ஏன் தெரியுமா? கண் பார்ப்பதில்லை, அன்பர்களே, மூளைதான் பார்க்கிறது. பிறந்த முதல் வாரங்களில் வெளிச்சம் உள்ளே போனால்தான் மூளை பார்க்கப் பழகும். கதவைக் காலம் கடந்து திறந்தால், உள்ளே இருப்பவர் தூங்கிப் போயிருப்பார்.

இப்போது இரண்டாவதின் கண்ணிலும் அதே வெள்ளை. காரணம் கேட்டேன். மாமனார் முந்திக்கொண்டார். "மூத்தது வயித்துல இருந்தப்போ இவ காய்ச்சலுக்கு மாத்திரை போட்டா டாக்டர். எத்தனையோ சொன்னேன், கேக்கல. அதான்."

மருமகள் தலை நிமிரவில்லை. தரையைப் பார்த்தே பேசினாள். "இந்தத் தடவை ஒண்ணுமே போடல டாக்டர். காய்ச்சல் வந்தப்பகூடப் போடல. போர்த்திட்டுப் படுத்துக் கிடந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி காய்ச்சலில் கொதித்திருக்கிறாள், மருந்து தொடாமல், ஒரு சொல்லுக்குப் பயந்து! காய்ச்சலைவிடக் கொடியது எது? கண்ணில் விழுந்த புரையா, வீட்டில் விழுந்த பழியா?

மூத்தவளுக்கு ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டேன். குழந்தை தன் முகத்தைப் பார்ப்பதே இல்லை என்று அவள் ஆரம்பத்திலிருந்தே சொல்லியிருக்கிறாள். யாரும் நம்பவில்லை. நம்பாததற்கு மாமனாரிடம் சாட்சி இருந்தது, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய சாட்சி. பேத்தியை அவரே எடுத்த முதல் படம். அதைக் காட்டித்தான் மருமகளின் வாயை அடைத்திருக்கிறார். அன்றைக்கு எனக்கும் பெருமையோடு செல்போனில் காட்டினார்.

பார்த்தேன். குழந்தையின் கண்மணி இரண்டும் கருகருவென்று இருந்தன. குழம்பிப் போனேன். பிறவிப் புரை உள்ள கண் ஃபிளாஷ் வெளிச்சத்தில் எப்படிக் கறுக்கும்? "கண்ணு இவ்வளவு கறுப்பா வந்திருக்கே?" என்றேன்.

அவர் சிரித்தார். "அது நான் வெச்ச கறுப்பு டாக்டர்."

செல்போனை வாங்கி அந்தக் கண்மணியைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

இங்கே சிலர் தலை குனிவதைப் பார்க்கிறேன். உங்களுக்குப் புரிந்துவிட்டது. தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். ஃபிளாஷ் அடித்து எடுத்தால் கண்மணி சிவப்பாக விழும். நல்ல கண்ணின் உள்சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் வரும் சிவப்பு அது. படத்தில் பார்க்க நன்றாக இருக்காது என்று, இவர்கள் கணினியில் ஒரு சொட்டுக் கறுப்பு வைத்துத் திருத்துவார்கள். தொழில் பழக்கம். கல்யாண வீட்டுக்காரருக்கும் அதே கறுப்பு, கைக்குழந்தைக்கும் அதே கறுப்பு. பேத்தியின் படத்தில் சிவப்பு விழவில்லை, வெள்ளை விழுந்தது. விளக்கு பட்டிருக்கிறது என்று நினைத்து அதன்மேலும் ஒரு சொட்டு வைத்துவிட்டார். குழந்தையின் கண்மணி சிறியது. அறை வெளிச்சத்தில் எளிதில் பிடிபடாத வெள்ளையை அந்த ஃபிளாஷ் பிடித்துக் கொடுத்திருக்கிறது. கூவி அழைத்த குறியைக் கறுப்பு பூசி மூடிவிட்டு, மூடிய படத்தையே தாயின் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறார்!

அதோடு முடியவில்லை. கர்ப்ப காலத்தில் வரும் சில தொற்றுகளாலும் இப்படிப் புரை வரலாம். சோதித்துப் பார்த்தோம், இல்லை. அப்படியானால் குடும்பத்தில் எல்லோருடைய கண்ணையும் பார்க்க வேண்டும் என்றேன். "எனக்கெதுக்கு? நான் கண்ணை வெச்சுப் பிழைக்கிறவன்" என்றார் மாமனார். விடவில்லை நான். கண்மணி விரிய மருந்து விட்டு, இருட்டறையில் கருவியின் முன் மூவரையும் ஒவ்வொருவராக உட்கார வைத்தேன்.

முதலில் மருமகள். அவள் கண்வில்லை தெளிந்த நீர்போல இருந்தது. அடுத்து கணவர். வில்லையின் நடுவே மாவு தூவியதுபோலப் பொடிப் பொடியாய் வெள்ளை. கடைசியாக மாமனார். அதே பொடி, அதே இடம், இரண்டு கண்ணிலும்! ஸ்டுடியோ விளக்கு கூசுகிறது என்று அவர் ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தது விளக்கின் குற்றமல்ல.

கண்வில்லையின் தெளிவு கிரிஸ்டலின் என்ற புரதம் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் வருவது. வில்லையின் நடுவில் இருக்கும் புரதம் தாய் வயிற்றிலேயே உருவாகி, கடைசிவரை மாறாமல் இருப்பது. அதைச் செய்யும் குறிப்பு மரபணுவில் இருக்கிறது. அதில் ஓரிடத்தில் பிசகினாலும் அடுக்கு குலையும், வெளிச்சம் சிதறும். இப்படிப் புரையைக் கொண்டுவரக்கூடிய மரபணுக்கள் பல. இந்தக் குடும்பத்தில் பிசகியது கிரிஸ்டலின் மரபணு என்று இரத்தப் பரிசோதனை சொன்னது. தாத்தா, மகன், பேத்தி, பேரன் நால்வரிடமும் ஒரே இடத்தில் ஒரே பிசகு. ஒருவருக்குத் தூசியாக இருப்பது இன்னொருவருக்குத் திரையாக வரும். பிசகு உள்ளவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதும் வராததும் பாதிக்குப் பாதி. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதே என்று இரண்டாவது பிள்ளையை அது விட்டுவைக்காது.

நான் சொல்லி முடித்தேன். மருமகள்தான் கேட்டாள். "அப்போ நான் காரணம் இல்லையா டாக்டர்?"

என்ன கேள்வி அது! எத்தனை நாள் அந்தக் கேள்வியோடு அவள் தொட்டிலை ஆட்டியிருப்பாள்? நீங்கள் இல்லை என்றேன். மாமனாரைப் பார்த்து, நீங்களும் இல்லை என்றேன். கேட்டு வாங்கி வந்ததா மரபணு? அதில் யாருக்கும் குற்றமில்லை. ஆனால் பழி சொன்னது மரபணு அல்ல, வாய். அது நாம் பழகிக்கொண்டது. அதை நாமே விடலாம்.

அவர் மருமகளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார், வரவில்லை. கடைசியில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "சின்னவனுக்காவது பார்வை வருமா?"

நேரத்தில் வந்திருந்தார்கள். தாமதிக்காமல் இரண்டு கண்ணிலும் புரையை எடுத்தோம். சுண்டுவிரல் பருமனுக்குத் தடித்த கண்ணாடி போட்டோம். ஒரு வருகையின்போது அந்தக் குழந்தை அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, பார்த்துக்கொண்டே இருந்து, சிரித்தான். அவள் அழுதாள். நானும் அழுதேன், டாக்டர் அழக்கூடாது என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்!

பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார், பக்கவாட்டில் வெளிச்சம் பட்டாலும் வெள்ளை விழுமே என்று. விழும் ஐயா, நல்ல கேள்வி. வெள்ளை எல்லாம் புரையல்ல. நேராகப் பார்க்க வைத்து இன்னொரு படம் எடுங்கள். மறுபடியும் விழுந்தால் உடனே கண் டாக்டரிடம் அனுப்புங்கள். நான் பார்ப்பதற்கு முன்னால் பிஞ்சுக் கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சுகிறவர்கள் நீங்கள். சுருக்கத்தைத் திருத்துங்கள், பருவைத் திருத்துங்கள், வழுக்கையில் முடிகூட நடுங்கள், எனக்கென்ன! குழந்தையின் கண்ணில் விழுந்த வெள்ளையைப் பார்க்காமல் கறுப்பு வைக்காதீர்கள்!

அந்த மாமனார் யார் என்று காதோடு காது பேசுகிறீர்கள். என்னை இங்கே அழைத்தவர் அவர்தான். "பேர் வேண்டாம் டாக்டர், ஆளைக் காட்டிடுங்க" என்றார். காட்டுகிறேன். விளக்கு கூசாமல் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாரே, உங்கள் தலைவர்!

கை தட்டாதீர்கள், அவருக்கு அது வேண்டாம். மேடை ஓரத்தில் துணி போர்த்திய படம் ஒன்று இருக்கிறது. பேத்தியின் அதே முதல் படம். கணினியிலிருந்து மூலத்தைத் தேடியெடுத்து, ஆள் உயரத்துக்கு அவரே அச்சிட்டிருக்கிறார். கண்மணி இரண்டும் வெள்ளை. தன் தொழிலில் அவர் கை வைக்காமல் விட்ட முதல் படம் இதுதான் என்றார். நாளை முதல் அது அவர் ஸ்டுடியோ வாசலில் நிற்கும். அந்தத் துணியை நான் விலக்கப் போவதில்லை, தலைவரும் விலக்கப் போவதில்லை. முதலில் கண்டு, முதலில் சொல்லி, யாரும் நம்பாமல் போன அந்தத் தாய் விலக்குவார். எழுந்து வாருங்கள் அம்மா. சின்னவனையும் தூக்கிக்கொண்டு வாருங்கள், அவன் பார்க்கட்டும்.

இவ்வளவு நேரம் செவி தந்த உங்களுக்கு நன்றி. நீங்கள் படமெடுக்கும் ஒவ்வொரு குழந்தையும் உங்களைத் திரும்பிப் பார்க்கட்டும். வணக்கம்.