ஜனவரி ஒன்றில் பிறந்த மலை

அவைக்குத் தலைமையேற்று, அரைமணி நேரமாகக் கொட்டாவியை அடக்கி அமர்ந்திருக்கும் புஷைப் ஐயா அவர்களே, காப்பீட்டுத் துறையின் கணக்கும் பிணக்கும் கண்ட பெரியோர்களே, புதினாத் தேநீர் ஆறுகிறதே என்று புழுங்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் காசாபிளாங்காவின் கடற்காற்றைச் சாட்சிவைத்து என் சலாம்.

மேற்பார்வைத் துறைக்கு நம் நிறுவனம் அனுப்பும் ஆண்டறிக்கையில் பிழை களைய, தானாகக் கற்கும் கணினி வந்தது. வந்தது, கற்றது, கலங்கியது. எதைக் கண்டு? மலைநாட்டு வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ஜனவரி ஒன்றில் பிறந்திருக்கிறார்களாம். மலை முழுக்க ஒரே நாளிலா பிரசவம்? மருத்துவச்சிகள் அன்று ரொட்டியாவது தின்றார்களா? பின்வரிசையில் சிரிப்பவரே, நீங்களும் ஜனவரி ஒன்றுதான், எனக்குத் தெரியும். பிறந்த நாள் தெரியாத பிள்ளைக்கெல்லாம் பதிவு எழுத்தர் போட்டுக்கொடுத்த நாள் அது.

கணினி சந்தேகப்படும் பதிவுகளைச் சரிபார்ப்பது என் அம்மா இட்டோவின் வேலை. ஒரு மாலை, சந்தேகப் பதிவாக அவள் பெயரே திரையில் வந்தது; அவளும் மலையில் பிறந்து, நம்மிடமே காப்பீடு எடுத்த ஜனவரி ஒன்றுக்காரிதான். அவள் ஊராரின் பதிவுகளையும் முதல் தடுப்பூசித் தேதியையும் கோத்துப் பார்த்து, 'மார்ச் பதினான்கு' என்று ஊகித்திருந்தது கணினி.

இதோ அமர்ந்திருக்கும் நம் தலைவர் அவர்கள் அன்று சொன்னார்: "ஒத்துக்கோ இட்டோ. அறிக்கை இப்பவே போகணும். காலியா விட்டா அறிக்கையோட தர மதிப்பெண் குறையும்."

அம்மாவை வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருந்த நான் குதித்தேன். "ஒத்துக்கோம்மா. உனக்குப் பிறந்தநாள், எனக்குக் கேக்கு."

அம்மா நெடுநேரம் அந்தத் தேதியைப் பார்த்தாள். ஒரு நாளுக்காக வாழ்நாளெல்லாம் ஏங்கியவள் அவள். கேக் வெட்டவா? இல்லை. அவளைப் பெற்ற அன்றே அவள் தாய் இறந்தாள். பிறப்பையும் எழுதவில்லை, இறப்பையும் எழுதவில்லை. தாயை நினைத்து அழ ஒரு நாள் வேண்டும், அவ்வளவுதான். இதோ, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நாள்.

"வேண்டாம் சார்," என்றாள். "இது எங்கம்மா செத்த நாள் இல்லன்னா, வேற யாரோ ஒருத்தியோட நாள்ல நான் அழுதுட்டு இருப்பேன். தெரியாததத் தெரியாதுன்னு எழுதினா தரம் குறையுமா?"

தலைவர் தலையைச் சொறிந்தார். இல்லையென்று கையசைக்காதீர்கள் ஐயா, நான் பார்த்தேன். பிறகு அவரே ஆணையிட்டார்: ஊகத்தை உண்மையாக எழுதாதே, 'தெரியாது' என்றே எழுது என்று கணினிக்குக் கற்பியுங்கள்.

அன்பர்களே, நிரப்பிய பொய் பெரிதா, நேர்மையான வெற்றிடம் பெரிதா? மலை மக்கள் ஜனவரி ஒன்றிலிருந்து விடுதலையானார்கள். என் அம்மாவுக்கோ கையிலிருந்த ஒரு நாளும் போனது.

இன்று காலை கிளம்பும்போது கேட்டேன்: "இன்னைக்கா இருக்குமோம்மா?"

"இருந்தாலும் இருக்கும்டி," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகவே, பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, நாளறியாத அத்தனை பேருக்கும், மூன்றாம் வரிசையில் கண்ணைத் துடைக்கும் என் அம்மாவுக்கும், ஒருவேளை இன்றாக இருந்தால் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.