நொண்டுற மாட்டை ஏத்தக்கூடாது

டெர்வ்லா: கேட்டைத் திறக்க மாட்டேன்.

ஃபின்டன்: அக்கா, மோஸி கசாப்பு லாரியோட கிளம்பிட்டான். இந்தக் கெர்ரி மாவட்டத்துல எவனாவது ஒரே ஒரு மாட்டுக்காக மழையில கேட்டைப் புடிச்சுக்கிட்டு நிப்பானா?

டெர்வ்லா: எவனும் நிக்க மாட்டான். அதான் நான் நிக்கிறேன்.

ஃபின்டன்: ரெண்டு தடவை நொண்டுன மாடு என் பண்ணையில இருக்காதுன்னு பால் சொசைட்டி கூட்டத்துல எழுந்து நின்னு சொல்லியிருக்கேன்.

டெர்வ்லா: அப்ப உன் வாயை லாரியில ஏத்து. மாட்டை விடு, ரோஷீன் எங்கேயும் போக மாட்டா.

ஃபின்டன்: அதோட அம்மா காலும் இப்படித்தான். வம்சக் கோளாறு.

டெர்வ்லா: அவ அம்மா சாகுற வரைக்கும் நல்லா நடந்தா. நீ அந்த நாலு சக்கர பைக்கை வாங்கினதுக்கு அப்புறம்தான்...

ஃபின்டன்: ஆரம்பிச்சிட்டியா.

டெர்வ்லா: ஞாயித்துக்கிழமை ஆட்டம் பார்க்கப் போற அவசரத்துல, பால் கறக்க வர்ற மாட்டைப் பின்னாலயே உறுமிக்கிட்டுத் துரத்துற. அது தலையைக் குனிஞ்சு, கல்லு பார்த்து முன்காலை வைக்கும். அதே இடத்துலதான் பின்காலும் விழும். நீ போய் நெருக்கினா தலையைத் தூக்கிடும். அப்புறம் கால் எந்தக் கல்லு மேல விழும்னு அதுக்கு எப்படித் தெரியும்?

ஃபின்டன்: நான் நெருக்கல. கொஞ்சம்... பக்கத்துல போவேன்.

டெர்வ்லா: எவ்வளவு பக்கம்னு அவ வாலைக் கேளு.

ஃபின்டன்: சரி, பாதித் தப்பு என்னோடது. போதுமா?

டெர்வ்லா: மீதிப் பாதி யாரோடது? கல்லோடதா?

ஃபின்டன்: நீதான் வைத்தியம் பார்த்துட்டியே, விடேன்.

டெர்வ்லா: பார்த்தேன். காலைத் தூக்கிக் கட்டி, குளம்பைச் சீவி, புண்ணு இல்லாத பாதிக் குளம்புக்கு அடியில மரக்கட்டை ஒட்டி, புண்ணு தரையில படாம பார்த்துக்கிட்டேன். உதை வாங்கினது என் முழங்கால். அதுக்குத்தான் யாரும் கட்டை ஒட்டல.

ஃபின்டன்: அதையேதான் நானும் சொல்றேன். நொண்டுற மாட்டை லாரியில ஏத்தக்கூடாது, சட்டம். நீ குணப்படுத்திட்ட. இப்ப தாராளமா ஏத்தலாம்.

டெர்வ்லா: புண்ணோட விட்டிருந்தா தப்பிச்சிருப்பா. ஆத்தி விட்டேன், அதுக்காகக் கசாப்புக்குப் போகணும். அப்படித்தானே?

ஃபின்டன்: அப்படி இல்ல...

டெர்வ்லா: அப்படித்தான். கேட்டுக்கோ. இன்னைக்கு இவ போனா அடுத்து இன்னொருத்தி நொண்டுவா. அவளும் போவா. கடைசியில நீ உன் பைக்கைத்தான் உட்கார்ந்து கறக்கணும்.

ஃபின்டன்: லாரி வந்திடுச்சு. கொஞ்சம் மெதுவாப் பேசு.

டெர்வ்லா: பேச மாட்டேன்.

மோஸி: ரோட்டு முனையிலயே கேட்டுச்சு. ரேடியோவுல ஏதோ நாடகம்னு நெனச்சேன். சௌக்கியமா டெர்வ்லாக்கா?

டெர்வ்லா: லாரியைத் திருப்பு மோஸி.

மோஸி: ஒரு டீ கூடக் கிடையாதா?

டெர்வ்லா: திருப்பு. அப்புறம் கேக்கும் சேர்த்துத் தர்றேன்.

மோஸி: முதல்ல மாடு நடக்குறதைப் பார்க்கணும்க்கா. எனக்கும் லைசென்ஸ்னு ஒண்ணு இருக்கு. ஃபின்டன், ஓட்டி விடு.

ஃபின்டன்: கேட்டை அக்கா திறக்கணுமே...

டெர்வ்லா: இந்தா, திறந்துட்டேன். நடக்கட்டும். ஆனா லாரிப் பலகையில அவ கால் வச்சா, முன்னால நான் படுத்துக்குவேன். என்னையும் சேர்த்து எடை போட்டுக்கோ.

மோஸி: அந்தத் தைரியம் எனக்கு இல்லக்கா. ம்... வாடி ரோஷீன்... நொண்டுற மாடு மாதிரி முதுகு வளையல... தலையும் ஆடல...

ஃபின்டன்: அவசரப்படாம பாரு மோஸி.

டெர்வ்லா: கண்ணாடி போட்டுப் பாரு.

மோஸி: ...நொண்டுது.

டெர்வ்லா: நான் சொல்லல?

மோஸி: பின்னங்கால். இடது.

டெர்வ்லா: வலது.

மோஸி: வலதுதான். ஏத்த முடியாது. சட்டம்.

ஃபின்டன்: சட்டம்னா... நாம என்ன பண்ண முடியும்?

டெர்வ்லா: இருடா. ஆட்டத்துல நடுவர் விசில் ஊதினாலே டிவியை அடிக்கப் போறவன் நீ. இதுக்கு ஏன் சண்டை போடல?

ஃபின்டன்: மழை வலுக்குதுக்கா... இவளை உள்ள கூட்டிட்டுப் போறேன். நடந்தே போறேன், பைக் வேண்டாம்.

டெர்வ்லா: மோஸி, என்ன நடக்குது இங்க?

மோஸி: என்னைக் கேட்டா? நொண்டுதுன்னு சொல்லலைன்னா டயர்ல காத்து இருக்காதுன்னு காலையில போன்ல மிரட்டினது நீங்க. அதுக்கு முன்னாடியே உங்க தம்பி கூப்பிட்டுட்டான்... ஊர்ல சொன்ன வார்த்தைக்கு லாரி வந்தே ஆகணுமாம், ஆனா காலியாத்தான் திரும்பணுமாம், அக்காவுக்குத் தெரியக் கூடாதாம். ரெண்டு பேருக்கும் சத்தியம் பண்ணிட்டு வந்து நிக்கிறேன். மாடு இவ்வளவு ஜோரா நடக்கும்னு ஒருத்தராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?