பேசக் கூடாத அறை

பல் டாக்டர் என்றால் எனக்குப் பயம் கிடையாது. சின்ன வயதிலிருந்தே நானாகப் போய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்துவிடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மார்லிஸ் மேடம். எனக்கும் டாக்டர் ஹாக்லண்டுக்கும் ஏதோ சொத்தைப்பல் விவகாரத்தில் பழைய பகை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பகை எதுவும் இல்லை. இந்தக் கவுண்டிக்கே அவர் ஒருவர்தான் பல் டாக்டர். ஊசி போட்டதே தெரியாது, அவ்வளவு லேசான கை. அந்தக் கையைப் பற்றிச் சொல்லத்தான் நானாகவே ஷெரிஃப் அலுவலகம் தேடி வந்திருக்கிறேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் துப்பாக்கி கிளப்புக்கு நான் பாதுகாப்பு அதிகாரி. சம்பளம் கிடையாது. ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். இருபத்தாறு வயதில் இந்தப் பதவிக்கு வந்தவன் மொன்டானா மாநிலத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விசாரித்துப் பார்க்கவில்லை.

கிளப்பின் தகரக் கொட்டகைக்குப் பின்னால் தோட்டா அடைக்கும் அறை இருக்கிறது. அதன் கதவில் சிவப்புக் கைக்குட்டை கட்டியிருந்தால் உள்ளே இருப்பவரிடம் யாரும் பேசக் கூடாது. கொட்டகை தீப்பிடித்தாலும் அவர் கைப்பிடியை இழுத்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்த விதியை எழுதியவன் நான்.

காரணம் இருக்கிறது. எங்களிடம் இருப்பது ஐந்து ஓட்டை கொண்ட வட்டத் தட்டு வைத்த இயந்திரம். கைப்பிடியை ஒரு தடவை இழுத்து விட்டால் ஐந்து இடத்திலும் ஒரே சமயத்தில் வேலை நடக்கும். சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக் கூடு ஒன்றின் அடியில், பொறி கிளப்பும் பழைய கேப்பு போய்ப் புதுக் கேப்பு உட்காரும். இன்னொன்றில் வெடிமருந்து விழும். அதற்கடுத்ததில் குண்டு இறங்கும். முடிந்த தோட்டா டப்பாவில் விழும், தட்டு ஒரு படி நகரும். இழுத்ததை முழுசாக இழுத்துவிட்டால் ஒரு வம்பும் இல்லை. பாதியில் நிறுத்தினால்தான் வினை. எதில் மருந்து விழுந்தது, எதில் விழவில்லை என்பதை இயந்திரம் நினைவு வைத்துக்கொள்ளாது. அது இழுக்கிறவர் வேலை.

டாக்டர் நவம்பரில் சேர்ந்தார். அறுபது வயதுக்காரருக்கு நான் வாத்தியார். நான்கு சனிக்கிழமை சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது வாரமே என்னைவிட வேகமாக இழுத்தார். விரல்களில் அப்படி ஒரு அறிவு. ஒரே குறை, வாய் மூடாது.

"டாக்டர், இழுக்கும்போது பேசாதீங்க."

"பேசலன்னா எனக்குக் கை ஓடாது, வாத்தியாரே. முப்பத்தோரு வருஷமா, வாயத் தொறந்து வச்சிக்கிட்டுப் பதில் சொல்ல முடியாதவங்ககிட்டதான் பேசிட்டிருக்கேன். உன் மெஷினும் அந்த மாதிரி நல்ல பேஷண்ட்டுதான்."

நான் சிரிக்கவில்லை. அவர் எனக்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டார்.

பிப்ரவரியில் ஆண்டுக் கூட்டம். மாட்டுத்தீவனக் கடை வெர்னாதான் தலைவி. எல்லோரும் மிளகாய்க் கறியில் இலவங்கப்பட்டை பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது டாக்டர் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பேசக் கூடாது என்ற அந்த விதியை எடுத்துவிட வேண்டுமாம். அறையில் ஒரு காபி மெஷின் வைக்க வேண்டுமாம்.

"பொணம் வச்ச வீடு மாதிரி இருக்குப்பா அந்த ரூமு" என்றார். "நாலு பேரு உக்காந்து நாலு வார்த்தை பேசினா துப்பாக்கி கோவிச்சுக்குமா?"

ஆபத்து என்று சொல்ல எழுந்தேன். வெர்னா கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"லைலு, நீ வாயத் தொறந்தாலே 'நிறுத்து'ங்கிறத தவிர வேற வார்த்தை வராதா? போன வருஷம் ஒரே போட்டியில ஒம்பது தடவ நிறுத்தின. என் சித்தப்பா தும்மினதுக்குக்கூட நிறுத்தின."

"கையில துப்பாக்கியோட குனிஞ்சுதானே தும்மினாரு" என்றேன்.

கொட்டகையே சிரித்தது. கறி சிந்தும் அளவுக்குச் சிரித்தார்கள். பதினான்குக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது. அந்த ஒன்று யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்பு என்பது வாக்கெடுப்பில் முடிவு செய்கிற விஷயம் இல்லை, மேடம். யாராவது அதை அவர்களுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. வாயால் சொல்லிப் பார்த்தாகிவிட்டது.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை. டாக்டர் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனேன். அன்றைக்கு அது குற்றமில்லை. தாராளமாகப் பேசலாம் என்று பதினான்கு பேர் கைதூக்கியிருந்தார்கள். கைப்பிடி பாதி இறங்கியபோது, "டாக்டர், கடவாய்ப் பல்லு ரெண்டு நாளா வலிக்குது" என்றேன்.

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் இழுத்து முடித்துவிட்டுத்தான் திரும்பியிருப்பார். இதற்கு அப்படியே விட்டுவிட்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, என்னை ஜன்னல் பக்கம் திருப்பி, வாயைத் திறக்கச் சொன்னார்.

"பல்லுல ஒண்ணுமில்ல. தூக்கத்துல பல்லக் கடிக்கிறியா நீ? தேஞ்சிருக்கு பாரு. யாரு மேலப்பா இவ்வளவு கோவம்?"

என் வாய் திறந்திருந்தது. பதில் சொல்ல முடியவில்லை.

அவர் திரும்பிப் போய்த் தட்டைக் கையால் ஒரு படி நகர்த்தினார். மறுபடி இழுக்க ஆரம்பித்தார். ஒரு கூடு மருந்து இல்லாமலே குண்டின் அடியில் போய் நின்றதை நான் பார்த்தேன். அது டப்பாவில் விழுந்தபோது மற்றத் தோட்டாக்களின் சத்தமேதான் கேட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே ஒருவர் அடைத்ததை இன்னொருவர் சுடமாட்டார். பல் துலக்கும் பிரஷ் மாதிரிதான். அதனால் வேறு யாருக்கும் ஆபத்து வராது என்பதை யோசித்துத்தான் செய்தேன். பாதுகாப்பு அதிகாரி அதையெல்லாம் யோசிக்க வேண்டும்.

ஏப்ரலில் போட்டி. டாக்டருக்குப் பின்னால் நேரக் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். மூன்றாவது இலக்கில் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். கேப்பு மட்டும் வெடித்தால் வரும் சத்தம் அது. மருந்து இல்லாததால் குண்டு குழாய்க்குள் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டதும் 'நிறுத்து' என்று கத்த வேண்டியது பின்னால் நிற்பவரின் கடமை. சுடுகிறவருக்கு வேகத்தில் அது காதில் விழாது. துப்பாக்கி நின்றுவிட்டால் உள்ளங்கையால் அதன் அடியில் ஒரு தட்டல், மேலே ஒரு இழுப்பு, உடனே அடுத்ததைச் சுடுவது என்று கை பழகிப் போயிருக்கும். டாக்டரின் கைக்கு அதைப் பழக்கியவனும் நான்தான். தட்டினார், இழுத்தார். கத்துவதற்கு எனக்கு ஒன்றரை வினாடி இருந்தது.

நான் அடிக்கடி நிறுத்துகிறேன் என்பதுதானே உறுப்பினர்களின் புகார்.

அடுத்த குண்டு, முன்னால் சிக்கியிருந்ததில் போய் மோதித் துப்பாக்கி பிளந்தது. வலதுகைக் கட்டைவிரல் போயிற்று. ஆள்காட்டி விரலில் பாதி போயிற்று. கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கண்ணாடி கட்டாயம் என்பதும் என் விதிதான். அதற்கு யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

இப்போது பல் பிடுங்க நூற்றுப் பத்து மைல் போக வேண்டியிருக்கிறது என்று ஊரே புலம்புகிறது. வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், இல்லை. மே மாதம் டாக்டர் கட்டுப்போட்ட கையோடு என் வீட்டுக்கு வந்தார். "தப்பு என்னுதுதான், வாத்தியாரே. நீ தலபாடா அடிச்சுக்கிட்ட. நான் கேக்கல" என்று சொல்லி அழுதார். அடுத்த கூட்டத்தில் அவரே விதியைத் திரும்பக் கொண்டுவந்தார். இந்தத் தடவை பதினைந்து பேரும் கைதூக்கினார்கள். காபி மெஷினை வெர்னா தன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். இப்போது கைக்குட்டை கட்டியிருந்தால் அந்தப் பக்கம் ஒருவரும் இருமுவதுகூட இல்லை. நான் சொன்னது சரிதான் என்று நிரூபணமாகிவிட்டது. அதோடு விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அறைக் கதவில் பித்தளைத் தகடு ஒன்று அடித்தார்கள். 'ஹாக்லண்ட் விதி' என்று பெயர் வெட்டியிருக்கிறார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டரால் தட்ட முடியவில்லை, தொடையில் தட்டினார். எழுதியவன் நான், காப்பாற்றியவன் நான், பெயர் மட்டும் மீறியவருக்கு. அந்தத் தகட்டை நீங்கள் மாற்ற வேண்டும். அதற்கு என் வாக்குமூலம் தேவைப்படும் என்பதால்தான் முழுசாகச் சொல்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? மருந்து விழவில்லை என்பது டாக்டருக்குச் சந்தேகமே வரவில்லையா என்றா?

வந்தது. தட்டை நகர்த்தும் முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதுல மருந்து விழுந்துச்சா, வாத்தியாரே?" என்று கேட்டார். "விழுந்துச்சு டாக்டர், இழுங்க" என்றேன். என்னை நம்பினார். அவர் என்னை நம்பியது அந்த ஒரு தடவைதான்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். நீ எழுதிய விதியை நீயேதானே மீறியிருக்கிறாய் என்று சொல்லப் போகிறீர்கள். அவசரப்படாதீர்கள். கிளப்பின் தீர்மானப் புத்தகத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். நான் பேசிய அன்று அந்த விதி நடைமுறையில் இல்லை. அது இருந்த ஒரு நாளில்கூட அதை மீறாத ஆள், எங்கள் கிளப்பில் நான் ஒருவன்தான்.