கரையை வெட்டும் நாள்

அக்கா: சாவி உன் சட்டைப் பையிலதான்டா இருக்கு. தேடுற மாதிரி நடிக்காதே. பொக்லைன்ல ஏறு.

தம்பி: இன்னிக்கே வெட்டணுமா இந்தக் கரையை?

அக்கா: ஆறு வருஷம் மண்ணைச் சோதிச்சு, ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு வாங்கின நாள்டா. கடல் ஏற இன்னும் இருபது நிமிஷம்தான். இந்தப் பெரிய ஏத்தத்தை விட்டா அடுத்த மாசம்தான்.

தம்பி: உள்ள கடல் வந்து என்னத்தைக் கிழிக்கப் போகுது?

அக்கா: வயலா இருந்தும் பிரயோஜனம் இல்லை, உப்பு பூத்துக் கிடக்கு. பழையபடி சதுப்பா ஆகட்டும். உமரிச்செடி முளைக்கும், நண்டு வரும், இறால் குஞ்சுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும்...

தம்பி: இது அப்பா களிமண்ணை மிதிச்சுக் கட்டின கரை, அக்கா.

அக்கா: நாமளும்தான் மிதிச்சோம், வருஷா வருஷம். நீ மிதிச்சதைவிட வழுக்கி விழுந்ததுதான் ஜாஸ்தி.

தம்பி: நீ தள்ளிவிட்டே!

அக்கா: ஆமா... அப்பா என்னமா சிரிப்பாரு! மண்வெட்டியைக் கீழ போட்டுட்டு.

தம்பி: வயல்ல கடல் புகுந்ததுக்கு அப்புறம் எங்க சிரிச்சாரு?

அக்கா: தண்ணி ஏறுது பாரு.

தம்பி: மூணு நாள் இடுப்பளவு தண்ணியில நின்னாரு. அப்பாதானே மதகுக் காவல்? மதகுக்காரன் தூங்கிட்டான்னு ஊரே பேசுச்சு. வேலையும் போச்சு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை.

அக்கா: இப்ப எதுக்குடா அதெல்லாம்? வண்டியை எடு, நேரம் ஆகுது.

தம்பி: எடுக்க மாட்டேன்.

அக்கா: விளையாடாதே.

தம்பி: ஒரு தடவை கடலை உள்ள விட்டவன் நான். மறுபடியும் என் கையாலயா?

அக்கா: நீயா? என்னடா உளறுறே?

தம்பி: கடல் ஏறினா மதகுக் கதவு தானா மூடிக்கும்ல? மீன் உள்ள வரட்டும்னு அடியில ஒரு செங்கல்லை முட்டுக் குடுத்தேன். பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடலாம்னு... மறந்தே போயிட்டேன்க்கா. எட்டு வயசு.

அக்கா: முப்பது வருஷமா இதைச் சுமந்துக்கிட்டா திரிஞ்சே?

தம்பி: ஆஸ்பத்திரியில அப்பாகிட்ட சொல்லிடலாம்னு வாயைத் தொறந்தேன். 'அக்காவைப் பார்த்துக்கோ'ன்னாரு. அதோட சரி... என்னக்கா, நீ ஏன் அழறே?

அக்கா: நீ வச்சது முழுச் செங்கலா, அரையா?

தம்பி: அரைதான். அதுல என்ன இருக்கு?

அக்கா: கீழ இறங்கு. முதல் வெட்டை நான் வெட்டுறேன்.

தம்பி: உனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது!

அக்கா: நீ சொல்லிக்குடு. அந்த அரைக் கல்லு சந்துல சொட்டுச் சொட்டாத்தான்டா தண்ணி வந்துச்சு. ஒரே ஒரு கொக்கு வந்து நின்னுச்சு. இன்னும் நாலு வரட்டும்னு உன் கல்லைப் பிடுங்கி எறிஞ்சுட்டு, முழுக்கல்லை நிமித்தி வச்சது நான்.