இரண்டாம் கொதி

மின்கெட்டிலில் பாலைக் காய்ச்சக் கூடாது. அடியில் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எதைக் கொதிக்கவைத்தாலும் தீய்ந்த வாடைதான். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் மகள் பெகாயிம்.

நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் தம்பி, அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

என் மனைவி ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் என்று மாஸ்கோவுக்கு வீட்டுவேலைக்குப் போனாள். முதலில் தினமும் போன் செய்தாள், பிறகு பண்டிகைக்குச் செய்தாள், பிறகு எண்ணையே மாற்றிவிட்டாள். நம் நாரின் ஊரில் இது புதிதில்லை. அப்போதிருந்து நானும் பெகாயிமும்தான். இங்கே தையல் கடையில் இருந்தாள். ரஷ்யாவில், யெகாத்தரின்பூர்கில் ஒரு தையல் பட்டறையில் இடம் கிடைத்திருக்கிறது என்று போன இலையுதிர்காலத்தில் சொன்னாள். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

மறுநாளே கெட்டில் வாங்கிவந்தாள்.

"அடுப்புப் பக்கமே போகாதீங்கப்பா. பத்தவெச்சுட்டுத் தூங்கிடுவீங்க. இது கொதிச்சதும் தானா அணைஞ்சிடும்."

அதில் முட்டை அவிக்கக் காட்டினாள். கிரேச்கா தானியத்தை ஃபிளாஸ்கில் போட்டுக் கொதிநீர் ஊற்றி மூடினால் காலைக்குள் சோறுபோல மலர்ந்துவிடும் என்றாள். எல்லாம் அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் முட்டையை வெடிக்கவிட்டேன். கிரேச்காவைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். தெரிந்தேதான் கெட்டிலில் பாலை ஊற்றினேன்.

"கழுதைக்குச் சொல்லியிருந்தாக்கூட இந்நேரம் கத்துக்கிட்டிருக்கும்," என்று சிரித்துக்கொண்டே அடிப்பிடித்ததை எலுமிச்சைத் துண்டு போட்டுத் தேய்ப்பாள். பயணம் தள்ளிப்போகும். அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் நன்றாக இருந்தோம்.

நவ்ரூஸ் பண்டிகைக்கு முன்னால் அவளுக்குக் கடும் காய்ச்சல். நான் என்னை மறந்துவிட்டேன். முட்டை பதமாக வந்தது, கிரேச்கா பொலபொலவென்று வந்தது. பாலைத் தனியே சுடவைத்து, நம் வழக்கப்படி உப்பு போட்ட தேநீரை அரைமணிக்கொரு தரம் குடிக்கக் கொடுத்தேன். காய்ச்சல் விட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எல்லாம் வருதேப்பா உங்களுக்கு. இனிமே எனக்குக் கவலையில்ல."

சந்தோஷத்தில்தான் அழுதாள்.

புறப்படும் நாள் காலையில், "போறதுக்கு முன்னாடி ஒரு டீ குடிச்சிட்டுப் போம்மா," என்றேன். அவளே ஸ்விட்சைத் தட்டினாள். கொதித்து அணைந்தது. அதற்குள் வேன்காரனிடமிருந்து போன். பேசிவிட்டு, தரையில் மண்டியிட்டுப் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டினாள். இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தாள். அழகான விரல்கள், தம்பி. ஊசியில் நூல் கோக்க அவளுக்கு வெளிச்சமே வேண்டாம்.

கெட்டிலைத் தொட்டுப் பார்த்தேன். ஆறியிருந்தது.

மருத்துவமனையில் உங்கள் போலீஸ் ஆட்களிடம், "அப்பாவுக்குக் கை நடுங்கும், தவறிக் கொட்டிடுச்சு," என்று அவள் சொன்னாளாம். நான் மலைப்பாதையில் லாரி ஓட்டியவன். என் கை ஒரு நாளும் நடுங்கியதில்லை. அவள் பொய் சொல்லும் பெண்ணும் இல்லை, எனக்காகச் சொல்லியிருக்கிறாள். அது அவள் பேரில் அப்படியே பதிவாக வேண்டாம் என்றுதான் நானாக வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆறியிருந்ததால் ஸ்விட்சை மறுபடி தட்டினேன். கொதித்து, தானாக அணையும்வரை பக்கத்திலேயே நின்றேன். "டீ ஆச்சாப்பா?" என்று தலையைத் தூக்காமலே கேட்டாள். ஆச்சும்மா என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டு கைகளின்மேல் ஊற்றினேன். நிதானமாக, கெட்டில் காலியாகும்வரை.

இனி விரல்கள் மடங்காதாம். அதனால் என்ன, நான் இருக்கிறேன். ஊட்டிவிடுவேன், தலை வாரிவிடுவேன். சின்ன வயதில் செய்யாததா?

நேற்று கிரேச்கா கொண்டுபோய் ஒரு கரண்டி வாயருகே நீட்டினேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ரொம்பச் சூடாக இருந்திருக்கும். இன்றைக்கு நன்றாக ஆறவைத்துக் கொண்டுபோக வேண்டும்.